உள்ளங்கை அளவு வெள்ளை

எங்கள் நூலகத்து மாடிப்படிச் சுவருக்கும் மாடி அறைக்கும் பெயிண்ட் அடிக்க வந்த மனுஷர், வந்த இடத்தில் கடல் வரையும் வகுப்பில் சேர்ந்துவிட்டார். அவர் வேறு யாருமில்லை, என் மாமா. என் அக்காவின் வீட்டுக்காரர்.

ஊரில் அவருக்கு 'ரெண்டு கோட்டு' என்று பெயர். "நாளைக்கே குடிபோகணும், ஒரு கோட்டு அடிச்சு விட்டுடுங்க" என்று வீட்டுக்காரர்கள் கையைப் பிடித்துக் கெஞ்சினாலும், "ரெண்டு கோட்டு" என்பதைத் தவிர வேறு பதில் வராது. பிடிக்காவிட்டால் ஏணியைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவார். அவர் மகனைப் பள்ளிக்கூடத்தில் 'மூணாவது கோட்டு' என்றே கூப்பிட்டார்கள். பையன் அழுதுகொண்டு வந்தபோது, "நல்ல பேருதானே, மூணு கோட்டு அடிச்சா இன்னும் நிக்குமே" என்று சமாதானம் சொன்னவர் அவர்.

பதினைந்து வயதில் பழைய சுவரைச் சுரண்டும் வேலையில் சேர்ந்தவர். பள்ளம் தெரியாமல் பட்டி பூசவும், எமரித் தாள் தேய்க்கவும், ரோலரைத் தடம் தெரியாமல் ஓட்டவும் யாரும் உட்கார வைத்துச் சொல்லிக்கொடுக்கவில்லை. நின்று பார்த்துக் கற்றுக்கொண்டார். பேச்சை மட்டும் எங்கும் கற்றுக்கொள்ளவில்லை. "இருக்கட்டும்", "சரி", "உன் சௌகரியம்" என்ற மூன்று சொல்லை வைத்துக்கொண்டு முப்பது வருஷம் குடும்பம் நடத்திவிட்டார். எனக்கு நேர் எதிர். நூலகத்தில் புத்தகத்துக்கு முத்திரை குத்துகிற வேலை எனக்கு. அமைதி காக்கவும் என்று எழுதிய பலகைக்குக் கீழேயே உட்கார்ந்து நாள் முழுக்கப் பேசுகிறவள் நான்.

அந்த வாரம்தான் படிக்கட்டுப் பக்கத்தில் ஒரு அறிவிப்பை ஒட்டியிருந்தேன். 'தொடக்கநிலையினருக்கு: நீர்வண்ணத்தில் கடல் அலைகள். ஆறு சனிக்கிழமைகள், காலை பத்து மணி, மாடி அறை. முன் அனுபவம் தேவையில்லை.' மாமா ஏணியில் நின்றபடி அதைப் படித்தார். படித்துவிட்டு மறுபடியும் படித்தார். ரோலரிலிருந்து ஒரு சொட்டு படியில் விழுந்தது. அவர் கையிலிருந்து சொட்டு விழுந்து நான் பார்த்ததே கிடையாது.

"ஏம்மா, இதுக்குக் கடலைப் பாத்திருக்கணுமா?" என்றார்.

"முன் அனுபவம் தேவையில்லன்னு போட்டிருக்கே மாமா."

"அது பிரஷ்ஷுக்குப் போட்டிருக்கு. கடலுக்கு?"

அவர் கடலைப் பார்த்ததில்லை. ஏணியை விட்டு வெளியூர் போகிற ஆளில்லை. ஆனால் நாலு வருஷமாக அவருக்கு நெஞ்சு முழுக்கக் கடல்தான், ஏனென்றால் என் அக்கா அங்கே இருந்தாள்.

மகன் கல்லூரியில் சேர்ந்த வருஷம் அக்கா வேலைக்குப் போனாள். ரயிலில் இரண்டு நாள் தள்ளி, கடற்கரையோரம் ஒரு அடுக்குமாடி வீடு, படுக்கையில் ஒரு வயதான அம்மாள். அவரைக் குளிப்பாட்டி, ஊட்டி, திருப்பிப் படுக்க வைத்து, கூடவே தங்கியிருக்கும் வேலை. இரண்டு வருஷம் என்றுதான் கையெழுத்துப் போட்டாள். இரண்டு வருஷம் முடிந்ததும் பத்து நாள் விடுப்பில் வந்தாள். திரும்பிப் போய் இன்னொரு இரண்டு வருஷத்துக்குக் கையெழுத்துப் போட்டாள். இப்போது அதுவும் முடியப் போகிறது. மகன் படிப்பை முடித்து வேலைக்குப் போய் ஆறு மாதம் ஆகிவிட்டது. ஆனாலும் அந்த வீட்டுக்காரர்கள் மூன்றாவது கையெழுத்துக் கேட்கிறார்கள். அடுத்த மாதக் கடைசிக்குள் பதில் சொல்ல வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை தோறும் அக்கா கூப்பிடுவாள். நானும் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன்.

"திரும்பக் கையெழுத்துக் கேக்குறாங்க. என்னங்க சொல்றது?" என்று அவள் கேட்டாள்.

மாமா நகத்தில் ஒட்டியிருந்த பெயிண்டைச் சுரண்டிக்கொண்டிருந்தார். "உனக்கு எது சௌகரியமோ அதச் செய்" என்றார்.

"சரி, சாப்பிட்டாச்சா?" என்றாள் அக்கா.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஃபோனை வைத்ததும் பிடித்துக்கொண்டேன். "வான்னு ஒரு வார்த்தை சொன்னா வாயில முத்து கொட்டிடுமா மாமா?"

"அவளுக்கு அங்க சன்னலத் தொறந்தா கடல் தெரியுதாம். நாள் பூரா பாத்துக்கிட்டே இருக்கலாம்னு சொன்னா. இங்க என்ன இருக்கு? எதிர்வீட்டுச் சுவரு. அதையும் நான்தான் அடிச்சேன்."

அக்கா அதைச் சொன்னது போன முதல் வாரத்தில். அதையே நாலு வருஷமாக இந்த மனுஷர் பிடித்துக்கொண்டிருக்கிறார். இருந்தாலும், அவளைக் காணாமல் அவர் வாடுவது எனக்குத் தெரியாதா? சாயங்காலம் வேலை முடிந்து வந்து, பூட்டிய கதவைத் திறப்பதற்கு முன் ஒரு நிமிஷம் நிற்பார். நாலு வருஷமாகியும் அந்த நிற்றல் போகவில்லை.

அலை வரையக் கற்றுக்கொண்டு என்ன செய்யப் போகிறீர்கள் என்று கேட்டேன். "அவ தினமும் என்னத்தப் பாக்குறான்னு தெரிஞ்சுக்கணும்" என்றார். தலையைச் சுற்றி மூக்கைத் தொடுவதில் அவரை யாராலும் மிஞ்ச முடியாது.

மாடி அறைச் சாவி என் பொறுப்பு. அதனால் சனிக்கிழமைகளில் பின் வரிசையில் உட்கார்ந்து, கிழிந்த புத்தகங்களுக்கு அட்டை போட்டுக்கொண்டே வகுப்பைக் கவனித்தேன். எட்டுப் பேர் சேர்ந்திருந்தார்கள். மாமாவுக்குப் பக்கத்து மேசையில் ஒரு பல் டாக்டர். ஓவிய டீச்சர் சின்னப் பெண், மாமாவின் மகனைவிட இரண்டு வயது கூட இருக்கலாம். சொரசொரப்பான கனத்த தாளை நான்கு பக்கமும் பலகையில் ஒட்டச் சொன்னார். மாமா ஒட்டிய அழகைப் பார்த்து எல்லாரும் தங்கள் டேப்பைப் பிய்த்து மறுபடி ஒட்டினார்கள். மூலையில் ஒரு மடிப்பு இல்லை, சுருக்கம் இல்லை.

பெருமை அதோடு சரி.

"வானத்துக்குத் தண்ணி நிறைய, கலர் கொஞ்சம். அடிவானத்துல கடல் கருநீலம். அலை எழும்புற இடத்துல பச்சை கலந்துக்கங்க. நுரை வர்ற இடத்தைத் தொடாம விட்டுடணும்" என்று டீச்சர் சொல்லிக்கொண்டே வரைந்தார். அவர் தாளில் ஓர் அலை எழுந்து வளைந்து நின்றது. எல்லாரும் குனிந்தார்கள். அரை மணி நேரம் கழித்து டீச்சர் மாமாவின் மேசைக்கு வந்து நின்றார். ஒரு மூலையிலிருந்து மறு மூலை வரை தாள் நீலமாக இருந்தது. ஒரே சீரான நீலம். பிரஷ் தடம் ஒன்றுகூட இல்லை.

"இது... சுவர் மாதிரி இருக்குங்களே" என்றார் டீச்சர்.

"ரொம்ப சந்தோஷம்" என்றார் மாமா, மனசார.

பல் டாக்டருக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அவருடைய அலை மட்டும் என்ன வாழ்ந்தது? வரிசையாக வெள்ளை வெள்ளையாக விட்டு, மேல்தாடை மாதிரி இருந்தது. ஒரு கடைவாய்ப்பல் கொஞ்சம் ஆடுகிற மாதிரிகூட எனக்குத் தோன்றியது.

இரண்டாம் வாரமும் அதே சுவர்தான், பச்சை கலந்த சுவர். மூன்றாம் வாரம் டீச்சர் பக்கத்திலேயே நின்று, பென்சிலால் நுரைக்குக் கோடு போட்டுக்கொடுத்தார். மாமா மூச்சைப் பிடித்துக்கொண்டு கோட்டைச் சுற்றி வண்ணம் வைத்தார். வெள்ளை அப்படியே நின்றது. முதல்முறையாக ஏதோ ஒன்று அலை மாதிரி தெரிந்தது. டீ குடிக்க மாமாவைத் தவிர எல்லாரும் கீழே போனோம். திரும்பி வந்து பார்த்தால் மாமா மட்டும் மேசையிலேயே இருந்தார், வெள்ளை இல்லை. தாளைப் பார்க்கப் பார்க்க அவருக்குக் கை பரபரத்திருக்கிறது, இரண்டாவது கோட்டும் அடித்துவிட்டார்.

நாலாம் வாரம் செய்தது அதைவிட மோசம். நுரைக்கு வெள்ளைதானே வேண்டும் என்று, தன் பையிலிருந்து சுவருக்கு அடிக்கும் பிரைமரை எடுத்து நீலத்தின் மேல் வைத்துவிட்டார். கடலுக்குக் கட்டுப்போட்ட மாதிரி இருந்தது. டீச்சர் கோபப்படவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"ஐயா, இதுல வெள்ளையை மேல வைக்க முடியாது. தாளோட வெள்ளைதான் நுரை. ஒருக்கா மூடிட்டா திரும்ப வராது. அந்த இடத்துல நீங்க ஒண்ணும் செய்யாம இருக்கணும். அவ்வளவுதான்."

"ஒண்ணும் செய்யாம இருக்கறது எனக்கு வராதுங்க" என்றார் மாமா. நாற்பது வருஷத்துப் பழக்கத்தை நாலு சனிக்கிழமையில் விட முடியுமா என்றுதான் நானும் நினைத்தேன்.

அன்றைக்கு அறையைப் பூட்டும்போது, வழக்கம்போல் என் வாய் சும்மா இருக்கவில்லை. "அக்கா கூட வந்தப்ப எல்லாம் உங்க சுவருல விட்டுப்போன இடம் ஒண்ணு இருக்குமே மாமா. அப்ப மட்டும் நல்லா விட்டீங்க. இப்ப ஒரு தாளுல விரல் அகலம் விட முடியலையா?"

இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். கல்யாணமான புதிதிலிருந்தே அவர்களுக்குள் ஒரு வழக்கம். ஒவ்வொரு வேலையும் முடிகிற நாளில் அக்கா போவாள். காலி வீட்டின் சன்னல்களை எல்லாம் சாத்திவிட்டு, டார்ச் லைட்டைச் சுவரோடு சாய்த்துப் பிடித்து அறை அறையாகப் பார்த்துக்கொண்டே வருவாள். அப்படிப் பிடித்தால் பெயிண்ட் படாமல் விட்டுப்போன இடம் தனியாகத் தெரிந்துவிடும். "இங்க விட்டுப்போச்சு" என்பாள். மாமா பிரஷ்ஷை எடுத்து வந்து மூடுவார். பிறகு இருவரும் அந்தக் காலி வீட்டின் தரையில் உட்கார்ந்து, அவள் கொண்டுபோன டீயைக் குடித்துவிட்டு வருவார்கள். ஒரு வீடு தவறாமல் அக்கா ஒரு இடமாவது கண்டுபிடித்துவிடுவாள். "ரெண்டு கோட்டு அடிச்சும் உங்க கண்ணுக்கு ஓட்டை, அக்கா இல்லன்னா உங்க மானம் கப்பலேறிடும்" என்று நான் எத்தனை தடவை கேலி செய்திருக்கிறேன். விடுப்பில் வந்த அந்தப் பத்து நாளில்கூட, அவர் முந்தின வாரம் முடித்திருந்த ஒரு புது வீட்டுக்கு டார்ச்சை எடுத்துக்கொண்டு போனாள். வெகுநேரம் கழித்துத் திரும்பி வந்தாள். கேட்டதற்கு ஒன்றும் சொல்லவில்லை. களைப்பு என்று விட்டுவிட்டேன்.

மாமா படியில் உட்கார்ந்தார். அவரே அடித்த சுவரில் முதுகு சாயாமல் பார்த்துக்கொண்டார்.

"அது கண்ணு தெரியாம விட்டது இல்லம்மா" என்றார்.

"பின்ன?"

"நானாத்தான் விடுவேன். கதவுக்குப் பின்னாடி. உள்ளங்கைய வச்சு, அதச் சுத்தி அடிச்சிட்டு வந்துடுவேன். எல்லாம் சரியா இருந்தா அவ பாத்துட்டு உடனே கிளம்பிடுவாளே. ஒண்ணு இருந்தா தேடுவா. தேடிக் கண்டுபிடிச்சா அவளுக்கு ஒரு சிரிப்பு வரும் பாரு."

நான் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். இருபத்தாறு வருஷம். எத்தனை வீடு, எத்தனை கதவு. நான் செய்த கேலி ஒவ்வொன்றும் நினைவுக்கு வந்தது.

"இப்ப ஏன் விட மாட்டேங்கிறீங்க?"

"இப்ப விட்டா யாரு தேடுறது? அவ போன நாள்லேருந்து ஒரு எடம் விட்டது இல்ல. வெள்ளையா எதப் பாத்தாலும் மூடிடணும்னு இருக்கு. அது அப்படியே என்னையே பாத்துக்கிட்டு இருக்குதும்மா, தாங்க முடியல."

நாலு வருஷத்தில் அவர் சேர்த்து வைத்துப் பேசிய நீளமான பேச்சு அதுதான். "பாக்குறதுக்கு ஆள் இல்லன்னு யாரு சொன்னது? படத்த வரைஞ்சு அவளுக்கே அனுப்புங்க" என்றேன். அவர் "இருக்கட்டும்" என்று எழுந்து போனார். அடுத்த சனிக்கிழமை வகுப்புக்கு வரவில்லை.

ஆறாவது சனிக்கிழமை வந்தார். எல்லாருக்கும் முன்னால் வந்து தாளை ஒட்டிக் காய வைத்திருந்தார். அன்றைக்கு டீச்சர் எதையும் வரைந்து காட்டவில்லை. அவரவர் அலையை அவரவரே போடச் சொல்லிவிட்டார். நான் அட்டை போடுவதை நிறுத்திவிட்டு மாமாவையே பார்த்துக்கொண்டிருந்தேன். வானத்தை முடித்தார். அடிவானக் கருநீலத்தை ஒரே இழுப்பில் இழுத்தார். பிறகு இடது உள்ளங்கையைத் தாளின் நடுவில், தாளில் படாமல், ஒரு விரற்கடை உயரத்தில் பிடித்துக்கொண்டார். வலது கையால் அதைச் சுற்றிக் கரும்பச்சை வைத்துக்கொண்டே வந்தார். கீழ் விளிம்பை மட்டும் வெறும் தண்ணீர்ப் பிரஷ்ஷால் தடவிக் கலங்க விட்டார். கையை எடுத்ததும் அங்கே நுரை இருந்தது.

பிரஷ்ஷைக் கழுவி வைத்துவிட்டு, இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்து அமுக்கிக்கொண்டு உட்கார்ந்தார். தாள் காய இருபது நிமிஷம் ஆனது. அந்த இருபது நிமிஷமும் அவர் நெற்றியில் வேர்வை வழிந்தது. பல் டாக்டர் எட்டிப் பார்த்துவிட்டு, "எனக்கே வலி தெரியாம இருக்க ஒரு ஊசி போட்டுக்கலாம் போல இருக்கு உங்களைப் பாத்தா" என்றார்.

படத்தோடு ஒரு வரி எழுதி அனுப்பலாம் என்றேன். அவள் பதில் சொல்ல வேண்டிய நாளுக்கு இன்னும் ஒன்பது நாள்தான் இருந்தது. "வான்னு மட்டுமாவது எழுதுங்க, ஒரே எழுத்து" என்று எவ்வளவோ சொன்னேன். மாட்டேன் என்றுவிட்டார். "வேணும்னா அவளே பாத்துக்குவா" என்று சொல்லி, இரண்டு அட்டைக்கு நடுவில் படத்தை வைத்து, நாலு பக்கமும் டேப் ஒட்டிக் கூரியரில் கொடுத்தார். ஊமை கண்ட கனவை யார் அறிவார் என்று நான் நொந்துகொண்டேன்.

அடுத்த வியாழக்கிழமை மதியம், நான் முத்திரை குத்திக்கொண்டிருக்கும்போது அக்கா கூப்பிட்டாள்.

"படம் வந்துச்சுடி."

"எப்படி இருக்கு?"

"கடல் மாதிரியே இல்ல. இங்க கடல் இவ்வளவு ஒழுங்கா இருக்காது." சிரிக்கிறாள் என்று நினைத்தேன். இல்லை, அழுதுகொண்டிருந்தாள். "நடுவுல வெள்ளையா ஒரு எடம் விட்டிருக்காரு."

"அது நுரைக்கா. அப்படித்தான் வரையணுமாம்."

"நுரைன்னு எனக்குத் தெரியாதா? தினமும் பாக்குறேன். என் கைய வச்சுப் பாத்தேன்டி. சுத்தி ஒரு விரல் அகலம் அதிகமா இருக்கு. அது அவர் உள்ளங்கை."

"உனக்குத் தெரியுமா? கதவுக்குப் பின்னாடி அவர் வேணும்னே விடுறது?"

"முதல் வீட்டுலயே தெரியும். ரெண்டு கோட்டு அடிக்கிற மனுஷன் கதவுக்குப் பின்னாடி மட்டும் மறப்பாரா? தெரிஞ்சும் எல்லா ரூமையும் சுத்திட்டுக் கடைசியாத்தான் அங்க போவேன். தெரியும்னு சொன்னா வெக்கப்பட்டுக்கிட்டு விடுறத நிறுத்திடுவாரு."

பிறகு அவள் சொன்னதை நான் இன்னும் மறக்கவில்லை. "லீவுல வந்தப்ப அந்தப் புது வீட்டுக்குப் போனேன் இல்ல? ஒவ்வொரு கதவுக்குப் பின்னாடியும் பாத்தேன். குளியலறைக் கதவு, மொட்டமாடிக் கதவு வரைக்கும். ரெண்டு மணி நேரம் தேடினேன். ஒண்ணுகூட இல்ல. சரி, நான் இல்லாம இருக்கப் பழகிட்டாருன்னு நெனச்சேன். இங்க வந்ததும் கேட்ட எடத்துல கையெழுத்துப் போட்டுட்டேன்."

தேட ஆளில்லை என்று அவர் விடவில்லை. விடவில்லை என்று இவள் திரும்பிப் போனாள். இப்படி இரண்டு வருஷம் வீணாய்ப் போயிருக்கிறது. நடுவில் இத்தனை பேச்சுப் பேசும் நான் ஒருத்தி இருந்தும், அன்றைக்கு "என்னக்கா ஆச்சு?" என்று இன்னொரு தடவை கேட்கவில்லை. அதற்காக என்னை நானே திட்டிக்கொண்டேன், இப்போதும் திட்டிக்கொள்கிறேன்.

"இப்ப என்ன செய்யப் போற?"

"வேற ஆள் பாத்துக்கச் சொல்லிட்டேன். புது ஆள் வந்ததும் கிளம்பறேன். அடுத்த வியாழன் காலையில வண்டி அங்க வந்துடும். நீயே அவர்கிட்ட சொல்லிடு. நான் சொன்னா 'உன் சௌகரியம்'னு ஆரம்பிச்சிடுவாரு."

அப்போதே ஒரு மணி நேரம் அனுமதி கேட்டுக்கொண்டு, அவர் வேலை செய்யும் இடத்துக்குப் போனேன். ஏணியில் இருந்தார். சொன்னேன், அக்கா தேடிய இரண்டு மணி நேரத்தையும் சேர்த்துச் சொன்னேன். அவர் இறங்கி வந்து, தரையில் குந்தி உட்கார்ந்து, ரோலரைத் தட்டில் வைத்தார். "எல்லாக் கதவுக்குப் பின்னாடியுமா பாத்தா?" என்று மட்டும் கேட்டார். பிறகு, "மாடி ரூம் சாவி குடு. ஒரு சாமான விட்டுட்டு வந்துட்டேன்" என்றார். நானும் கொடுத்தேன்.

மறுநாள் காலை நூலகர் என்னை மாடி அறைக்குக் கூப்பிட்டுக் கத்தினார். கத்த மாட்டாரா பின்னே? ஆறு வாரத்துக்கு முன்னால் அடித்த சுவர். கதவுக்குப் பின்னால் ஓர் இடத்தில், இரண்டு கோட்டையும் பிரைமரையும் பட்டியையும் யாரோ உளியால் சுரண்டி எடுத்து, ஓரத்தை எமரித் தாளால் பதமாகத் தேய்த்துவிட்டிருந்தார்கள். அடியில் பழைய சுண்ணாம்பு வெள்ளையாகத் தெரிந்தது. நான் என் கையை வைத்துப் பார்த்தேன், சுற்றி ஒரு விரல் அகலம் அதிகமாக இருந்தது.

"யார் பாத்த வேலை இது? இத யார் வந்து சரி பண்ணுறது?" என்றார் நூலகர்.

"வியாழக்கிழமை வரைக்கும் அப்படியே இருக்கட்டும் சார்" என்றேன். "பாக்க ஆள் வருது."